வெங்காற்றில் வாட்டிய பூசணி

சொற்கள் சில வேளைகளிற் பொருளை விளக்குவதற்கு மாறாக, அதனை மறைத்து நிற்பதும் உண்டு. இக்காலத்துச் சமையலறைகளில் இடம்பெற்றுவரும் ‘எயார் பிரையர்’ என்னும் மின்கருவியின் பெயர் அத்தகையதே. காற்றினாற் பொரிப்பது என்பது அப்பெயரின் பொருள். பொரித்தலாவது காய்ந்த எண்ணெயிலே உணவை அமிழ்த்திச் சமைத்தல் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எண்ணெய் இல்லாத இடத்திற் பொரித்தல் எங்ஙனம் நிகழும்?

இவ்வினா என்னுள் எழுந்ததற்குக் காரணம் என் தமக்கையார். நீரிழிவு நோயால் வருந்தும் அவருக்குப் பொரித்த உணவைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தார். அதனை அறிந்த அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து இக்கருவியை அனுப்பிவைத்தான். மஞ்சட் பூசணிக்காயில் அவருக்கு இளமை தொட்டே பெருவிருப்பு. ஆகவே, கருவி வந்த அன்றே ஒரு பெரிய பூசணிக் கீற்றைக் கழுவித் துண்டுகளாக்கி, கூடை நிறையக் கொட்டிச் சமைத்தார். இருபது நிமிடத்தின் பின் வெளியே வந்தது பொரியலும் அன்று, கறியும் அன்று. ஈரமாய்க் குழைந்த ஒரு களி. இரண்டாம் முறை எப்படியோ நன்றாக வாய்த்தது. உடனே அவர், “தம்பி, இதிலே எண்ணெயே இல்லையே. இனி எவ்வளவு சாப்பிட்டால்தான் என்ன?” என்றார். முதலிற் கண்ட தோல்வியிலும் பார்க்க அவருடைய இந்தத் துணிவே எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது.

நான் கலைப்பட்டதாரி, பௌதிகம் பயின்றவனல்லேன். எனவே, எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரை அணுகிக் கேட்டேன். அவர் விளக்கியவற்றையும், பின்னர் யான் படித்தும் சமைத்தும் அறிந்தவற்றையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இன்று முற்படுகின்றேன்.

முதலிற் கருவியின் அமைப்பை நோக்குவோம். மேற்பகுதியில் மின்சாரத்தாற் சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று. அதன்மேல் விரைந்து சுழலும் காற்றாடி ஒன்று. கீழே துளைகள் பொருந்திய கூடை ஒன்று. கம்பிச்சுருளாற் சூடேறிய காற்றை அக்காற்றாடி சிறியதோர் அறைக்குள் இடைவிடாது சுற்றிச் சுற்றி ஓடச்செய்கின்றது. இவ்வளவே அதன் மருமம். காற்றாடி பொருந்திய அடுப்பும் புதியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 ஆம் ஆண்டளவில், விமானத்திற் செல்வோருக்கு உறைந்த உணவைச் சூடாக்கிக் கொடுக்கும்பொருட்டு, அமெரிக்கராகிய வில்லியம் மக்சன் என்பவர் இத்தகைய சிற்றடுப்பு ஒன்றை அமைத்தார். ‘சுழல்காற்று அடுப்பு’ என்னும் கருத்துடைய பெயர் அதற்கு வழங்கிற்று. 2010 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் சிறு குடும்பங்களுக்கு ஏற்ற கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தபோதே ‘எயார் பிரையர்’ என்ற பெயர் பரவலாயிற்று. சுழல்காற்று அடுப்பு என்பது உண்மைப் பெயர். பின்னையது வணிகப் பெயர்.

இனி, பூசணியை நோக்குவோம். நூறு கிராம் மஞ்சட் பூசணியில் ஏறத்தாழத் தொண்ணூறு கிராம் நீரே. ஆதலின், பூசணியைச் சுடுவது என்பது பெரும்பாலும் அதிலுள்ள நீருடன் போராடுவதே. ஒரு கிராம் நீரை 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலிருந்து கொதிநிலையாகிய 100 பாகைக்கு உயர்த்த 70 கலோரி வெப்பம் போதும். ஆனால், கொதிநிலையை அடைந்த அந்த ஒரு கிராம் நீரை ஆவியாக்குவதற்கோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். முன்னையதிலும் பார்க்க இஃது ஏழு மடங்கிற்கும் அதிகம். இதனையே மறைவெப்பம் என்பர். துண்டின் மேற்பரப்பில் ஈரம் உள்ளவரையில், கொடுக்கும் வெப்பமெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மேற்பரப்பின் வெப்பநிலையும் 100 பாகைக்கு மேற் செல்லாது. சட்டியில் நீர் வற்றும்வரை கறி அடிப்பிடிப்பதில்லை என்பதை அறிந்த எவரும் இவ்வுண்மையை முன்னரே அறிந்தவராவர்.

பூசணித் துண்டு பொன்னிறம் பெற்று நறுமணம் வீசவேண்டுமாயின், அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 140 பாகையைத் தாண்டுதல் வேண்டும். அப்பொழுதே உணவிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் தம்முட் சேர்ந்து, புதிய நிறத்தையும் மணத்தையும் விரைந்து தோற்றுவிக்கும். இம்மாற்றத்தை 1912 ஆம் ஆண்டில் எடுத்து விளக்கியவர் பிரான்சிய அறிஞராகிய லூயி கமீல் மையார். பாண் மேற்றோலின் சிவப்பும், வறுத்த கோப்பிக்கொட்டையின் மணமும் இம்மாற்றத்தோடு தொடர்புடையனவே. ஈரம் அகலாத இடத்தில் இம்மாற்றம் கைகூடாது.

இவ்விடத்திலேதான் காற்றாடியின் பணி விளங்குகின்றது. துவைத்த வேட்டியைக் காற்றில்லாத நாளிற் கொடியில் இட்டால், வெயில் எத்துணைக் கடியதாயினும் அது காயச் சற்றுக் காலம் செல்லும். சோளகக் காற்று வீசும் நாளிலோ விரைவிற் காய்ந்துவிடும். துணியைப் போர்த்தி நிற்கும் ஈரக் காற்றை, வீசுங்காற்று அப்பாற் கொண்டுசெல்வதே அதற்குக் காரணம். பூசணித் துண்டைச் சுற்றியும் அவ்வாறே அசைவற்ற ஈரக்காற்றுப் படலம் ஒன்று உண்டு. காற்றாடி அதனைக் கலைத்து, உலர்ந்த வெங்காற்றை மீண்டும் மீண்டும் துண்டின்மேற் செலுத்துகின்றது. என் தமக்கையார் கூடை நிறையக் கொட்டியபோது காற்றுப் புகுதற்கு வழியில்லாது போயிற்று. அடியிலிருந்த துண்டுகள் தம் ஆவியிலேயே அவிந்தன. இரண்டாம் முறை அவர் சில துண்டுகளையே இட்டிருந்தார். வெற்றி அதனால் வந்தது.

ஆகவே, இக்கருவி செய்வது பொரித்தலன்று. நம் மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் முன்னரே உண்டு. வாடுதல் என்பது ஈரம் இழத்தல். அவ்வாறு வாடச்செய்தல் வாட்டுதல். வாழையிலையைத் தணலில் வாட்டுகின்றோம் என்னும்போது நாம் குறிப்பது அதுவே. வெங்காற்றில் வாட்டுதல் என்று கூறின், செயலும் அதன் வழியும் ஒருங்கே விளங்கும்.

செய்முறை இக்கருத்திலிருந்தே பிறக்கின்றது. நன்கு முற்றிய மஞ்சட் பூசணியையே தெரிதல் வேண்டும். நீற்றுப்பூசணி இதற்கு ஆகாது. அதில் நீர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திற்கும் மேற்பட்டது. நானூறு கிராம் பூசணியைத் தோல் நீக்கி, இரண்டு சென்ரிமீற்றர் அளவான ஒத்த துண்டுகளாக வெட்டுக. துண்டுகளைத் தூய துணியால் ஒற்றி ஈரத்தைப் போக்குக. ஒரு தேக்கரண்டி எண்ணெயிற் புரட்டுக. உப்பை முன்கூட்டியே இட்டுவைத்தல் தவறு. அது துண்டினுள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். கருவியை 190 பாகையில் மூன்று நிமிடம் சூடேற்றிய பின், துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாவண்ணம் பரப்புக. இடமின்றேல் இரு முறையாகச் சமைக்க. பதினைந்து முதல் இருபது நிமிடம் வரையிற் செல்லும். இடையில் ஒரு முறை கூடையைக் குலுக்குக. மிளகாய்த்தூளைக் கடைசி இரண்டு நிமிடத்திற் சேர்த்தலே நன்று. முன்னரே இட்டாற் கருகிக் கைப்பேறும். உப்பை இறுதியில் தூவுக.

எண்ணெயே வேண்டாத கருவிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை பூசணியின் நிறத்திலேயே உள்ளது. அம்மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று பீற்றா கரோட்டின். நம் உடல் அதனை விற்றமின் ஏ ஆக மாற்றுகின்றது. அவ்விற்றமின் குன்றினால் மாலைக்கண் முதலிய கேடுகள் விளையும். பீற்றா கரோட்டின் கொழுப்பிற் கரைவது. உணவிற் சிறிதேனும் கொழுப்பு இருந்தாலன்றி உடல் அதனை நன்கு ஏற்பதில்லை. எங்கள் பாட்டிமார் பூசணிக் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டதன் பயன் இதுவுமாம். எண்ணெயைக் குறைத்தல் அறிவுடைமை. எண்ணெயை அறவே விலக்கிப் பிள்ளைகளுக்குப் பூசணி ஊட்டுதல் பயனைப் பாதியில் விடுவதாகும்.

இனி என் தமக்கையாரின் வினாவிற்கு வருவோம். நூறு கிராம் பச்சைப் பூசணியில் ஏறத்தாழ ஆறு கிராம் காபோவைதரேற்று உண்டு. எனவே நானூறு கிராமில் இருப்பது இருபத்துநான்கு கிராம். வாட்டிய பின் அந்நானூறு கிராம் இருநூற்றைம்பது கிராமாகச் சுருங்கிற்று எனக் கொள்வோம். போனது நீரே, சர்க்கரை போகவில்லை. முன்னர் ஒரு பெரிய கிண்ணத்தில் இருந்தது இப்பொழுது ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கிவிட்டது. இனிப்பு மிகுந்ததாக நாவுக்குத் தோன்றுவதும் இதனாலேயே. நீர் மிகுந்த கறியில் வயிறு விரைவில் நிறைந்துவிடும். வாட்டிய துண்டுகளோ கை ஓயாது உண்ணத் தூண்டும். எண்ணெய் குறைந்தமையால் அளவும் வேண்டா என்று எண்ணுதல் பெரும்பிழை.

செலவும் கருதத்தக்கதே. 1500 உவாற்றுக் கருவி இருபது நிமிடம் இடைவிடாது இயங்கினால் அரை அலகு மின்சாரம் செலவாகும். 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது இத்தகைய கருவிகள் வாளா கிடந்தன. விறகடுப்பும் தணலும் கைகொடுத்தன. கருவி இல்லாதார் வருந்த வேண்டியதில்லை. அகன்ற தாச்சியிற் சிறிது எண்ணெய் தடவி, துண்டுகளை நெருக்காது பரப்பி, மூடாமல் அளவான தீயில் வாட்டினாலும் ஏறத்தாழ அதே சுவை கிட்டும். மூடாமை இன்றியமையாதது, மூடினால் ஆவி வெளியேறாது.

இவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் என் தமக்கையாருக்கு எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்போ, தண்ணீரைத்தான் இந்தப் பெட்டி எடுக்குது, சீனியை எடுக்கேல்லை” என்றார். யான் இத்தனை சொற்களாற் கூறியதை அவர் ஒரு வசனத்தில் அடக்கிவிட்டார். இப்பொழுது அவர் வாட்டிய பூசணியைச் சிறு கிண்ணத்தில் அளந்தே உண்கின்றார். அக்கிண்ணத்தை அவரே தெரிந்தெடுத்தார்.