ஜன்னலின் எடை என்ன?

2015 டிசம்பர் பெருமழையின்போது சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. ஜன்னல் வழியாக வந்தது. மேட்டுத் தெரு என்பதால் தப்பித்தோம் என்று நினைத்திருந்த வேளையில், மாடியறை அலுமினிய ஜன்னலின் அடிச்சட்டத்தில் தேங்கிய மழைநீர் நிரம்பி உள்ளே வழிந்தது. ஜன்னலையொட்டி இருந்த புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் கைப்பட எழுதிய குறிப்பேடுகளும் அதில் அடக்கம்.

மழை ஓய்ந்தபின் வந்த பணியாளர் அடிச்சட்டத்தின் வெளிப்புறத்தில் சில துளைகளைப் போட்டார். பத்து நிமிட வேலைதான். 'தண்ணீர் வெளியேற வழியே வைக்காமல் விட்டிருக்கிறார்கள், சார்' என்றார். வாங்கும்போது அந்தத் துளைகளைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மூன்று பேரிடம் விலைப்புள்ளி பெற்று, சதுர அடிக்கு யார் குறைவாகக் கேட்டாரோ அவரிடம் பணியை ஒப்படைத்திருந்தேன்.

வகுப்பறையில் பல ஆண்டுகள் நான் நடத்திய பாடம் ஒன்று உண்டு. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் சந்தையில், மட்டமான பொருள் தரமான பொருளை வெளியேற்றிவிடும் என்று பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். தகவல் சமமின்மை குறித்த ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்தப் பாடத்தை நடத்திய நானே அப்படியொரு சந்தையில் ஏமாந்து நின்றேன்.

அலுமினிய ஜன்னல் வணிகத்தில் அந்தச் சமமின்மை எங்கே ஒளிந்திருக்கிறது? ஜன்னல் செய்பவர் அலுமினியச் சட்டங்களைக் கிலோ கணக்கில் வாங்குகிறார். நமக்குச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். எனவே, சட்டத்தில் குறைக்கப்படும் ஒவ்வொரு கிராமும் அவருக்கு லாபம். ஒரே வடிவமுள்ள சட்டம் 1.2 மி.மீ. தடிப்பிலும் கிடைக்கிறது, 2 மி.மீ. தடிப்பிலும் கிடைக்கிறது. முன்னதில் உலோகம் ஏறத்தாழ 40% குறைவு. பொருத்திய பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து, பலத்த காற்றில் மெல்லிய சட்டம் அதிரும்போதும் கதவு நகர மறுக்கும்போதும்தான் வேறுபாடு புலப்படும்.

ஆகவே, விலைப்புள்ளியில் சதுர அடி விலையோடு, சட்டத்தின் தடிப்பையும் ஒரு மீட்டர் நீளத்துக்கான எடையையும் எழுதித் தரச் சொல்வதே முதல் பாதுகாப்பு. இரண்டாவது, மேற்பூச்சு. அனோடைஸ் செய்த சட்டமெனில் படலத்தின் கனம் 15 மைக்ரானுக்குக் குறையலாகாது. உப்புக்காற்று வீசும் கடலோரப் பகுதிகளில் 25 மைக்ரான் நல்லது. அங்கு சாதாரண இரும்புத் திருகாணிகளைப் பயன்படுத்தினால், அலுமினியத்தோடு சேருமிடத்தில் அரிப்பு விரைவாகும்; துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே ஏற்றவை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சிறு பாகங்கள். கதவைத் தாங்கி நகர்த்தும் உருளைகளின் தரம், நீர் வடியும் துளைகள், கதவை வெளியிலிருந்து தூக்கிக் கழற்ற முடியாதபடி மேலே பொருத்தப்படும் தடுப்பு ஆகியவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும். குழந்தைகள் கைவைக்கும் உயரத்தில் உள்ள கண்ணாடி, உடைந்தாலும் கூரிய சில்லுகளாகச் சிதறாத 'டஃபன்டு' வகையாக இருத்தல் அவசியம்.

நகரும் ஜன்னலுக்கு இயல்பான குறை ஒன்றும் உண்டு. இரு கதவுகள் கொண்ட நான்கடிக்கு நான்கடி ஜன்னலின் பரப்பு 16 சதுர அடி. எப்படித் திறந்தாலும் காற்று வரும் வழி 8 சதுர அடிக்கு மேல் போகாது. புழுக்கம் மிகுந்த நம் ஊர்களில் இதைக் கணக்கிட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். சமையலறைக்கு, முழுதும் திறக்கும் கீல் கதவு ஜன்னலே மேல்.

அலுமினியம் துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, மழையில் உப்பாது என்பதெல்லாம் உண்மை. ஆனால், அதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்பது விற்பனைப் பேச்சு. ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் பட்டால் அதன் மேற்பூச்சில் அழியாத கறை படியும். பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின்மீதுள்ள பாதுகாப்பு நாடாவைப் பிரிக்கலாகாது. குளியலறை அமிலமும் கம்பி நாரும் ஆகா. மென்மையான சோப்பு நீரும் துணியும் போதும். கதவு இறுகினால் பலரும் தேங்காய் எண்ணெயைத் தடவுகிறார்கள். அது தூசியைப் பிடித்துவைத்து உருளைகளைத் தேய்த்துவிடும். தடத்தைத் தூரிகையால் சுத்தம் செய்து, சிலிகான் தெளிப்பானைப் பயன்படுத்துவதே முறை.

புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒவ்வொரு ஜன்னலின் தடத்திலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வெளிப்புறமாக வடிந்தால் கவலையில்லை. தேங்கினால் துளை அடைபட்டிருக்கிறது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள அடைப்புப் பசையில் விரிசல் உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத் தரத்திலோ வேலைத்தரத்திலோ குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஜன்னலின் விவரக்குறிப்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், அந்த உரிமையைக் கோருவது எளிதாகும்.

இது தனிமனிதரின் சேமிப்புக் கணக்கு மட்டுமல்ல. ஒரு டன் அலுமினியத்தைப் புதிதாகப் பிரித்தெடுக்க 13,000 முதல் 15,000 யூனிட் வரை மின்சாரம் செலவாகிறது. 30 ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஜன்னலைப் பத்தே ஆண்டுகளில் கழற்றி எறிவது பொதுச் செல்வத்தை வீணாக்குவதாகும்.

நனைந்து ஒட்டிக்கொண்ட அந்தக் குறிப்பேடுகளை நான் இன்னும் எறியவில்லை. சதுர அடிக்குச் சில பத்து ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்த விலை அவை. விலையைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேட்போம்.