அருளர்: இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மறுகேட்பு

1

ஒரு பாப் நட்சத்திரத்தின் முதல் ஆல்பம் இருபது வருஷம் கழித்தும் நிற்கிறதா? விமர்சகர்கள் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பதில்லை. அவர்களுக்கு அடுத்த ஆல்பம் இருக்கிறது, அடுத்த நட்சத்திரம் இருக்கிறார். ரசிகன்தான் கேட்கிறான். ஏனெனில் அது அவனைப் பற்றிய கேள்வியும்கூட. அன்றைக்கு நான் எதில் மயங்கினேன், அந்த மயக்கத்துக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டேன், இன்று திரும்பக் கேட்டால் கூச்சமாக இருக்குமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

எம்.ஐ.ஏ.வின் ‘அருளர்’ 2005ல் வெளிவந்தது. என் கைக்கு அது 2006ல் கிடைத்தது. லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர் நகலெடுத்துக் கொடுத்த சிடி. உறை கிடையாது, மார்க்கர் பேனாவால் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அப்போது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். ஐந்நூறு பிரதி. ஆறு மாசத்துக்கு ஒரு இதழ், அதுவும் கையில் காசிருந்தால். உடனே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். ‘விளிம்பின் குரல்’, ‘ஏகாதிபத்தியத்தின் இதயத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் எதிர்க்குரல்’ என்றெல்லாம் அதில் வருகிறது. சென்ற மாதம் அதைத் தேடியெடுத்துப் படித்தேன். ஆல்பத்தைவிட என் கட்டுரைக்குத்தான் அதிகம் வயசாகியிருக்கிறது. இது ஏன் நேர்ந்தது என்று எனக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2

முதலில் ஒலி. மற்றதெல்லாம் பிறகு.

மாதங்கி அருள்பிரகாசம் (மாயா) 1975ல் லண்டனில் பிறந்தவர். ஆறுமாதக் குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார். நடுவில் கொஞ்சகாலம் சென்னை. 1986ல் அம்மா கலாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். தெற்கு லண்டனில் மிச்சம் பகுதியின் அரசுக் குடியிருப்பில் வாழ்க்கை. அம்மாவுக்குத் தையல் வேலை. மகள் படித்தது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில், திரைப்படமும் நுண்கலையும். இசை முறையாகப் படித்ததில்லை.

பீச்சஸ் என்ற கனடா பாடகிதான் ரோலண்ட் எம்.சி.505 என்கிற பெட்டியை அவருக்கு அறிமுகம் செய்கிறார். அது 1998ல் சந்தைக்கு வந்த கருவி. தாளம், பாஸ், கீபோர்டு ஒலிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பொத்தான்களைத் தட்டித் தட்டி ஒரு சிறு தாளக்கட்டை உருவாக்கலாம், அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம், மேலே இன்னொன்றை அடுக்கலாம். ஸ்டூடியோ வேண்டாம், வாத்தியக்காரர்கள் வேண்டாம், சுரம் எழுதத் தெரிய வேண்டாம். ‘கலாங்’ இப்படித்தான் பிறந்தது. ஸ்டீவ் மேக்கி, ராஸ் ஆர்டன் இருவரும் அதைச் செப்பனிட்டார்கள். 2003ல் முதலில் வந்தது ஐந்நூறு இசைத்தட்டுகள் (எங்கள் பத்திரிகையின் எண்ணிக்கைதான்).

அன்றைய நவீனத்தைக் காட்டிக்கொள்ள முயன்ற ஆல்பங்கள் சீக்கிரம் கிழடு தட்டிப்போகின்றன. தொழில்நுட்பம் மாறியதும் பூச்சு உதிர்கிறது. ‘அருளர்’ பூச்சே இல்லாமல் வந்தது. தாளம், பாஸ், குரல். நடுவில் நிறைய வெற்றிடம். குரலும் பயிற்சி பெற்ற குரல் கிடையாது. தெருவில் பெண்பிள்ளைகள் கைதட்டி ஒருத்தியை ஒருத்தி சீண்டும் பாட்டின் தொனி அது. லண்டன் ஆங்கிலமும் ஜமைக்கா பேச்சும் அதில் கலந்திருக்கும். ‘கலாங்’ என்பதே ஜமைக்கர் வாயில் ‘போய்க்கிட்டே இரு’ என்பதுபோன்ற சொல். ஆல்பத்தின் தொடக்கத்தில் ‘பனானா’ என்ற வார்த்தையை அசை பிரித்து ஓதும் ஒரு துண்டு உண்டு. பதினொரு வயசில் ஆங்கிலம் அறியாமல் லண்டன் பள்ளியில் உட்கார்ந்த ஒரு பிள்ளையின் வகுப்பறையை எனக்கு நினைவூட்டுவது அது. 2006ல் அதை வெறும் விளையாட்டு என்று தாண்டிப் போயிருக்கிறேன். இன்று ஆல்பத்தின் திறவுகோலே அதில் இருப்பதாகப் படுகிறது. இது மொழியை இரவல் வாங்கிப் பேசக் கற்ற ஒருத்தியின் ஆல்பம்.

‘தமிழ்க் குரல்’ என்று நான் எழுதினேன் அல்லவா? அங்கேதான் முதல் பிழை. இந்த ஆல்பத்தில் தமிழ் இசை என்று சுட்டிக்காட்ட அநேகமாக ஒன்றுமில்லை. ஜமைக்கா உண்டு, ரியோ டி ஜெனிரோ உண்டு, லண்டன் கிரைம் இசை உண்டு. நம்ம உறுமி வருவது அம்மாவின் பெயரில் 2007ல் வந்த ‘கலா’வில்தான், அதற்காக அவர் சென்னைக்கே வந்து பதிவு செய்தார். ‘அருளர்’ நமக்குத் தமிழாகக் கேட்டது என்றால் நாம் காதால் கேட்கவில்லை, பெயரைப் படித்துவிட்டுக் கேட்டோம் என்று பொருள்.

இரவல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பக்கி டன் கன்’ பாட்டின் உடம்பு ரியோவின் சேரிகளில் பிறந்த ஃபங்க் இசை. டெய்ஸி டிக்ரோனா என்ற பாடகியின் பாட்டொன்றை ஒட்டி எழுந்தது. அதிலுள்ள எக்காளம் ‘ராக்கி’ என்ற ஹாலிவுட் படத்திலிருந்து ரியோவுக்குப் போனது. ஹாலிவுட்டிலிருந்து ரியோ, ரியோவிலிருந்து லண்டன். இந்தச் சுற்றில் யாருக்கு என்ன கிடைத்தது என்று அன்று நான் கேட்கவே இல்லை. ‘மூன்றாம் உலக ஒருமைப்பாடு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். சேரிக்காரியின் ஒலியை லண்டன் அகதி எடுத்தாலும் எடுப்பது எடுப்பதுதான். ஆனால் அந்த எடுப்புக்கு நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தனக்கென்று மொழி மிச்சமில்லாதவர்கள் பக்கத்து வீட்டு மொழியில்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிட முடியாது.

பதிப்புரிமையின் இன்னொரு பக்கம் பாலினம். டிப்ளோ என்ற அமெரிக்க டி.ஜே. இந்த ஆல்பத்தில் முக்கியமாகப் பங்களித்தது அந்த ஒரு பாட்டில்தான். ஆனால் பத்திரிகைகள் ஆல்பத்தையே அவர் செய்ததாக எழுதின. 2007ல் ஒரு பேட்டியில் மாயா இதை வெளிப்படையாகவே சாடினார். ஒரு பெண், அதுவும் கறுத்த பெண், பெட்டியைத் தட்டித் தானே ஓர் ஒலியை உண்டாக்கியிருக்க முடியும் என்று நம்ப மாட்டார்களாம். நானும் என் கட்டுரையில் ‘டிப்ளோவின் இசையில்’ என்று எழுதியிருக்கிறேன். அச்சில் இருக்கிறது, மறைக்க முடியாது.

3

அடுத்து பெயர். ‘அருளர்’ என்பது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். ஏ.ஆர். அருள்பிரகாசம், 1975ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். எழுதுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, அருளர் ஒரு நாவலாசிரியரின் பெயரும்கூட. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அகதிகளைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலைப் பற்றிய ‘லங்கா ராணி’ அவர் எழுதியது. ஈழப் போராட்டத்தின் தொடக்க ஆவணங்களில் அதற்கு ஓர் இடம் உண்டு. லண்டனில் ஆடிய ரசிகர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிந்திருக்கலாம். என் கட்டுரையில் ‘லங்கா ராணி’ பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேற்கத்திய ஊடகங்கள் ‘புலியின் மகள்’ என்று எழுதின. அவர் புலி இல்லை. ஈரோஸ் வேறு அமைப்பு, வேறு அரசியல். இடதுசாரிச் சாய்வு, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு நேரடித் தொடர்பு. லெபனானில் பயிற்சி பெற்றவர்களில் அருளரும் உண்டு. 2004ல் வந்த ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பி.எல்.ஓ. என்ற பெயர் வருவதற்காக எம்.டி.வி. ஆட்சேபித்தது. பரபரப்புக்காகப் போட்ட சொல் என்றார்கள். அவருடைய வீட்டில் அது வரலாறு. அப்பா எங்கே போனார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை.

ஆனால் குழப்பத்துக்கு மாயாவும் பொறுப்பில்லாமல் இல்லை. உறையில் வரிசையாகப் புலிகள், டாங்கிகள். ‘சன்ஷவர்ஸ்’ படத்தில் தென்னிந்தியக் காட்டில் சீருடைப் பெண்கள். ஈரோஸின் பெயரை வைத்துக்கொண்டு புலியின் பிம்பத்தை ஒட்டினார். இயக்கங்களுக்குள் நடந்த கொலைகள், 1990ல் ஈரோஸின் பெரும்பகுதி புலிகளோடு கரைந்துபோனது, இதெல்லாம் அந்த ஸ்டென்சில் ஓவியத்தில் வராது. ஸ்டென்சிலுக்கு விளிம்புக்கோடு மட்டும்தான் தெரியும். தமிழ் ரசிகர்களாகிய நாமும் இந்தக் குழப்பத்தை விரும்பினோம். உலக மேடையில் நம்ம சின்னம் தெரிகிறது என்ற கிளுகிளுப்பு. யாருடைய சின்னம், அந்தச் சின்னத்தால் பாதிக்கப்பட்ட தமிழர்கள் யார் யார் என்று கேட்கவில்லை. இந்த ஆல்பத்தில் மிகவும் பழசாகிப்போனது இதுதான்: போரின் அழகியல்.

4

2009 மே மாதத்துக்குப் பிறகு பல வருஷம் அந்த சிடியை நான் தொடவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு துப்பாக்கிச் சத்தத்தைத் தாளமாகக் கேட்க முடியவில்லை. அதே வருஷம் பிப்ரவரியில் அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் ஆடினார். அவருடைய பாட்டு சிறந்த பதிவுக்கான பரிந்துரையில் இருந்தது. வன்னியில் என்ன நடக்கிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் பேசவும் செய்தார். கேட்டவர்கள் சிலர், கேலி செய்தவர்கள் பலர். பாப் நட்சத்திரத்துக்கு எதிர்ப்பாளராக நடிக்க அனுமதி உண்டு. சாட்சியாக வந்து நின்றால் வாய் மூடச் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியிலேயே தங்கிவிட்ட நண்பர் ஒருவரிடம் போன மாதம் முழு ஆல்பத்தையும் போட்டுக் காட்டினேன். என்னைவிட இளையவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

“அண்ணை, உது சண்டைப் பாட்டில்லை. தகப்பனைத் தேடுற பிள்ளையின்ர பாட்டு. நீங்கள்தான் சும்மா துவக்கைத் தூக்கிக் கையில குடுத்திட்டீங்கள்.”

“உறையில துவக்கு இருக்கேப்பா?”

“உறையை ஆர் கேக்கிறது?”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அப்பா எங்கிருந்தாலும் தன் பெயரைத் தேடும்போது இந்த ஆல்பம் கண்ணில் படட்டும் என்றுதான் அப்படிப் பெயர் வைத்ததாக மாயா சொல்லியிருக்கிறார். எம்.ஐ.ஏ. என்பது ராணுவச் சொல்: போரில் காணாமல் போனவர். லண்டனில் ஆக்டன் என்கிற பகுதியில் காணாமல் போனவள் என்று அவரே அதை வைத்து விளையாடியதும் உண்டு. காணாமல் போனவள் காணாமல் போன அப்பாவைக் கூப்பிடும் ஆல்பம். அருளர் 2019ல் இறந்துபோனார். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த மூன்றெழுத்தை இன்று நான் வேறு மாதிரிதான் கேட்க முடிகிறது. இந்த அர்த்தத்தை 2005ல் அவர் நினைத்திருக்க முடியாது. பிரதி அப்படித்தான், எழுதியவரைக் கேட்டுக்கொண்டு அது அர்த்தம் கொள்வதில்லை.

5

பிற்கால மாயாவைப் பற்றி நண்பர்கள் கேட்பார்கள். தடுப்பூசி பற்றியும் 5ஜி அலைகள் பற்றியும் அவர் சொன்னவை எனக்கு உடன்பாடில்லை. சில அபத்தம், சில ஆபத்து. பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பதக்கத்தை வாங்கியதையும் கிண்டல் செய்தார்கள். அதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்று: அம்மா பல வருஷம் அந்தப் பதக்கங்களைத்தான் ஆயிரக்கணக்கில் கையால் தைத்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு தகவலில் இருக்கிற வர்க்கமும் காலனியமும் என் பழைய கட்டுரையின் எட்டுப் பக்கத்திலும் இல்லை. ஆனால் இதைக் காட்டி மற்றதை மன்னிக்கச் சொல்லவும் நான் வரவில்லை. பின்னால் சொன்ன தவறான பேச்சு முன்னால் செய்த நல்ல தாளத்தைக் கெடுத்துவிடாது. நல்ல தாளம் தவறான பேச்சுக்கு ஜாமீனும் ஆகாது.

சரி, ஆல்பம் நிற்கிறதா? ஒலி நிற்கிறது. ‘கலாங்’கும் ‘சன்ஷவர்ஸ்’ஸும் நேற்றுச் செய்தவைபோல இருக்கின்றன. சும்மா கோஷமாக வருகிற இடங்கள் நிற்கவில்லை. உறை நிற்கவில்லை. பாட்டுக்குள் இருக்கிற பிள்ளை, புது மொழியை வாயில் போட்டு மென்றுகொண்டு இல்லாத அப்பாவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற பிள்ளை, நன்றாகவே நிற்கிறாள்.

நிற்காமல் போனது அவளை நம் பிரதிநிதியாக்கிய வாசிப்பு. ஒரு ஆளைப் பிடித்து முழு இனத்தையும் பேசச் சொல்வது, பேச்சு பிடிக்காதபோது துரோகி என்பது, இரண்டும் ஒரே வேலைதான். தமிழ்ச் சூழலில் எழுதுகிற பெண்கள் பலருக்கு இதைத்தான் செய்திருக்கிறோம். பத்திரிகைக்காரனாக நானும் செய்திருக்கிறேன். முதல் தொகுப்பைக் கையில் வாங்கியதும் அதில் ‘நம்ம குரல்’ இருக்கிறதா என்றுதான் புரட்டினேன். அவள் குரல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தத் தொகுப்புகள் சில இப்போதும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றையும் திரும்பப் படிக்க வேண்டும்.