தோட்டத்துக் குரங்கும் கூகையும்: ஆபத்தில் இருப்பது எது?

பந்திங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் பகலில் அடிக்கடி கண்ணில் படுவது நீளவால் குரங்கு. இரவில் எப்போதாவது தென்படுவது கூகை எனப்படும் வெள்ளை முக ஆந்தை. இவற்றில் அழியும் ஆபத்தில் இருப்பது எது என்று கேட்டால், பலரும் ஆந்தையைத்தான் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது.

இரண்டும் முதுகெலும்புள்ள விலங்குகள். உறவு அதோடு சரி. குரங்கு, பாலூட்டி வகுப்பில் மனிதனும் அடங்கும் பிரைமேட் வரிசையைச் சேர்ந்தது. அதன் அறிவியல் பெயர் மக்காக்கா ஃபாசிகுலாரிஸ். கூகை பறவை வகுப்பில் ஆந்தைகளின் வரிசையைச் சேர்ந்தது. அதன் பெயர் டைட்டோ ஜாவானிக்கா.

எது எதற்கு உறவு என்பதை வகைப்பாடு சொல்கிறது. எது அழிவை நெருங்குகிறது என்பதைச் சொல்வது அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல். அதில் 2008-இல் 'கவலை குறைந்த' பிரிவில் இருந்த நீளவால் குரங்கு, 2022-இல் 'அழியும் ஆபத்தில் உள்ள' பிரிவுக்குச் சென்றது. காடழிப்பு, வேட்டை, ஆய்வுக்கூடங்களுக்காகப் பிடித்து விற்பது ஆகியவை முக்கியக் காரணங்கள். காடு குறையும்போது குரங்குகள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வருகின்றன. அதனால் அவை பெருகிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

கூகையோ இன்றும் 'கவலை குறைந்த' பிரிவில்தான் உள்ளது. முன்பு தீபகற்ப மலேசியாவில் அரிதாக இருந்த இப்பறவை, செம்பனையோடு பெருகிய எலிகளால் பரவியது. கம்பங்களில் தோட்ட நிர்வாகங்கள் பொருத்தும் மரப்பெட்டிகளில் அது குஞ்சு பொரிக்கிறது. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்கிறது. ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிபவர்கள், எலியைக் குறைக்கும் துணையைத்தான் விரட்டுகிறார்கள்.

ஆனால் கவலை குறைவு என்பது உலக அளவிலான கணக்கு. கடும் எலி மருந்து உண்ட எலியைத் தின்றால் கூகையும் சாகும். மருந்து அதிகம் வைக்கும் தோட்டத்தில் அது இல்லாமலே போகலாம்.

2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் பாதுகாக்கிறது. உரிமமின்றிப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். குரங்குத் தொல்லை இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் செய்யலாம். குரங்குகளுக்குத் தீனி போடாமல், குப்பைத் தொட்டியை மூடி வைத்தாலே தொல்லை குறையும்.