பாறை வேதியியலும் மறைந்த டெத்திஸ் கடலும்

மறைந்துபோன கடல்களின் தரையையும் கண்டங்கள் மோதிக்கொண்ட வரலாற்றையும் பாறைகளில் உள்ள தனிமங்களின் அளவைக் கொண்டு கண்டறிவது புவிவேதியியலின் முக்கியப் பணிகளுள் ஒன்று. இன்றைய பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான பகுதி ஏறக்குறைய இல்லை. நடுக்கடல் முகடுகளில் உருவாகும் தரை மெல்ல விலகிச் சென்று, அகழிகளில் மற்றொரு புவித்தட்டின் அடியில் அமிழ்ந்துவிடுகிறது. அமிழாமல் தப்பி நிலத்தின்மேல் ஏறிவிட்ட துண்டுகளே ஓபியோலைட் எனப்படுகின்றன.

சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. டெத்திஸ் கடலில் சுமார் 9.2 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான தரை இது. 1,952 மீட்டர் உயரமுள்ள ஒலிம்பஸ் சிகரத்தைச் சுற்றிப் புவியின் கவசப் பாறையே வெளிப்பட்டுள்ளது. கீழே இறங்கினால் கேப்ரோ, அடுக்கடுக்காகச் செருகிய டைக்குகள், நீருக்கடியில் உறைந்த தலையணை லாவா என வரிசை தொடர்கிறது. அதாவது, இந்த மலையில் இறங்குவது பழைய கடல்தரையில் மேலேறுவதற்குச் சமம்!

1971-இல் மூர்ஸ், வைன் ஆகியோர் இது கடல்தரை விரிவால் உருவானது என விளக்கினர். 1973-இல் ஜப்பானிய அறிஞர் அகிஹோ மியாஷிரோ, லாவாவின் வேதியியல் எரிமலைத் தீவு வளையங்களுடையதைப் போல் இருப்பதாக எழுதினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. சூடான கடல்நீர் பாறைக்குள் புகுந்து சோடியம், பொட்டாசியம் போன்றவற்றை மாற்றிவிடும்; அந்த அளவுகளை எப்படி நம்புவது? இது நியாயமான கேள்வியே. விடை, நீரில் எளிதில் கரையாத தனிமங்களில் இருந்தது. அதே ஆண்டில் பியர்ஸ், கேன் ஆகியோர் தைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம் ஆகிய மூன்றின் விகிதத்தைக் கொண்டு பசால்ட்டின் பிறப்பிடத்தைப் பிரித்தறியும் வரைபடங்களை வெளியிட்டனர்.

நையோபியமும் தோரியமும் இன்னும் தெளிவான தடயம் தருகின்றன. அமிழும் தட்டிலிருந்து மேலேறும் நீர்மங்களும் உருகிய படிவுகளும் தோரியத்தைக் கவசத்தில் சேர்க்கின்றன. நையோபியமோ பெரும்பாலும் தட்டிலேயே தங்கிவிடுகிறது. எனவே தோரியத்தை ஒப்பிட நையோபியம் குறைந்த லாவா, அமிழும் தட்டின் மேலே பிறந்தது எனக் கொள்ளலாம். 1980-களில் ட்ரூடோஸில் கடல்நீரால் மாறாத எரிமலைக் கண்ணாடியை ஆராய்ந்தபோதும் இதே முடிவு கிடைத்தது. இருதரப்பிலும் உண்மை இருந்தது: தரை விரிந்தது உண்மை, ஆனால் விரிந்தது அமிழும் தட்டின் மேலே.

டெத்திஸ் கடலின் கிழக்குப் பகுதி இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்தது. அது மூடிய தடம் லடாக்கில் சிந்து ஆற்றை ஒட்டிச் செல்கிறது. ஆற்றின் வடக்கே உள்ள கிரானைட்டுகள் கடல்தரை அமிழ்ந்த காலத்தில் உருவானவை. அவற்றில் ஸ்ட்ரான்சியம்-87, ஸ்ட்ரான்சியம்-86 விகிதம் பெரும்பாலும் 0.704-ஐ ஒட்டியுள்ளது. இது கவசத்திலிருந்து வந்த உருகுபாறையின் அடையாளம். உயர் இமயமலையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய வெளிர்நிறக் கிரானைட்டுகளில் அது 0.73-ஐத் தாண்டுகிறது. பழைய கண்டப் பாறையில் ரூபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 சேர்ந்துகொண்டே இருக்கும். மோதலில் தடித்த அந்தப் பாறையே உருகியதால் விகிதம் உயர்ந்தது.

லடாக்கின் சோ மொராரி ஏரிப் பகுதிப் பாறைகளில் கோயசைட் என்னும் கனிமமும் கிடைத்துள்ளது. சுமார் 90 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தமின்றி அது உருவாகாது. கடல்தரையைத் தொடர்ந்து இந்தியக் கண்டத்தின் விளிம்பும் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு ஆழம் இழுக்கப்பட்டு, மீண்டும் மேலே வந்திருக்கிறது.