விளையாட்டுக்கு ஒரு விசைப்பலகை

தட்டெழுத்துப் பொறியில் பயின்றவர்கள் ஒன்றை அறிவார்கள். இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்தினால் எழுத்துக் கம்பிகள் மோதிச் சிக்கிக்கொள்ளும். விரலால் விலக்கிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். கணிப்பொறி விளையாட்டிலோ, ஒருங்கே அழுத்துவதுதான் வேலையே. இடக்கையின் ஒரு விரல் வீரனை முன்னே நடத்தும். மற்றொன்று பக்கவாட்டில் நகர்த்தும். சிறுவிரல் ஓட்டத்தை விரைவாக்கும். கட்டைவிரல் குதிக்கச் செய்யும். ஆகவே, முதன்முதலாக ‘மெக்கானிக்கல்’ விசைப்பலகை வாங்க விழையும் பிள்ளையும், பணம் கொடுக்கும் பெற்றோரும் முதலில் கேட்கத்தக்க கேள்வி, எத்தனை விசைகளை இது ஒருங்கே உணரும் என்பதே.

இதனைப் பல்லடத்தார்க்கு விளக்குவது எளிது. பலகையின் அடியில் மின்தடங்கள், தறியின் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சந்திப்புதோறும் ஒரு விசை. அழுத்தினால் அங்கே ஒரு பாவும் ஓர் ஊடையும் தொடுகின்றன. அதைக் கொண்டே எழுத்து இன்னதென்று அறியப்படுகிறது. இனி, ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒருசேர அழுத்துவதாகக் கொள்வோம். மின்சாரம் அம்மூன்றின் வழியே சுற்றிச் சென்று, தொடாத நான்காம் மூலையையும் தொட்டதாகக் காட்டிவிடும்! இந்தப் பொய்க்கு அஞ்சி, மலிவான பலகைகள் சில கூட்டழுத்தங்களை ஏற்காமலே விட்டுவிடுகின்றன. குதிக்க வேண்டிய வீரன் நின்றுவிடுகிறான். பையனோ தன் விரலை நொந்துகொள்கிறான். நல்ல பலகையில் சந்திப்புதோறும் டயோடு என்னும் ஒருவழிக் கதவு உண்டு. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஆறேழு எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். அத்தனையும் திரையில் வர வேண்டும்.

பெட்டியின் மேல் ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்றிருந்தால் ஏமாற வேண்டா. அது பெரும்பாலும் ரப்பர்க் குமிழ்ப் பலகையே. உண்மையான பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி வில்லும் தனி ‘சுவிட்ச்’சும் இருக்கும்.

அந்தச் சுவிட்சுகளுக்கு நிறத்தால் பெயர். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொணர்ந்த வகையைப் பின்பற்றியே பிறரும் செய்கின்றனர். சிவப்பு, தடையின்றி நேரே இறங்கும். ஏறத்தாழ 45 கிராம் எடையின் அழுத்தம் போதும். 4 மில்லிமீட்டர் இறக்கத்தில் பாதி வந்ததுமே செய்தி போய்விடும். பழுப்பு, நடுவில் சிறு மேடு போல விரலுக்குத் தட்டுப்படும். நீலம், அத்துடன் ‘டிக்’கென்று ஒலியும் எழுப்பும். இளைஞர்க்கு நீலத்தின்மீது மோகம் அதிகம். இரவெல்லாம் தறியின் ஓசையில் நின்றுவிட்டுக் காலையில் கண்ணயரும் தந்தை இருக்கும் வீட்டில் அதை வாங்கலாமா? கூடாது என்பதே என் தீர்ப்பு. விளையாட்டு ஒன்றே நோக்கமாயின் சிவப்பு. பாடமும் கட்டுரையும் தட்டுவதாயின் பழுப்பு.

வண்ண விளக்குகள் விரலுக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. அந்தப் பணத்தைச் சுவிட்சுகளைக் கழற்றி மாட்டக்கூடிய பலகைக்குச் செலவிடுங்கள். பஞ்சுத் தூசி படிந்து ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வலப்புற எண்பகுதி இல்லாத 87 விசைப் பலகையும் போதுமானது. சிறு மேசையில் ‘மௌஸ்’ நகர இடம் கிடைக்கும்.