ஷூ சோல் உதிர்ந்தால் ஆம்பூர் தோல் மீது பழி போடலாமா?

கல்யாணம், விசேஷத்துக்கு மட்டும் போடுற ஷூ. ரெண்டு வருஷம் டப்பாவிலேயே இருந்தது. எடுத்துப் போட்டதும் சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. ‘ஆம்பூர் தோல் சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டை.

உண்மையில் உதிர்ந்தது தோல் அல்ல. பல ஷூக்களின் சோல் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. காற்றின் ஈரப்பதம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும், இதுதான் நீராற்பகுப்பு. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். போடாமல் வைத்திருந்தாலும் இது நிற்காது.

எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

* சோல் நொறுங்கினால்: சோல் பொருள்தான் சிக்கல்.
* சோல் முழுசாகப் பெயர்ந்து வந்தால்: பசையைச் சந்தேகிக்கலாம்.
* மேல்பகுதி ஏடு ஏடாக உரிந்தால்: பெரும்பாலும் அது துணி மேல் பூச்சு கொடுத்த ‘பியு லெதர்’, அசல் தோல் அல்ல.

தோல் பதமாவது ஓரிடம். சோல் தயாராவது பெரும்பாலும் வேறிடம். பழி தோல் தொழிற்சாலைக்குப் போனால், கோளாறான சோல் மறுபடியும் சந்தைக்கு வரும்.

புகார் செய்வதென்றால் பில்லை வைத்திருங்கள். ஒட்டித் தைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். புகார் தர 2 ஆண்டு அவகாசம் உண்டு.