பன்னுக்குள்ளே சிங்கி இறால்! வாங்கும்போதே உஷார்!

திருச்சி,

டீக்கடை பன்-பட்டர்-ஜாம் தெரியாதவர் திருச்சியில் உண்டா? அதே பன்னை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டி, ஜாமுக்குப் பதில் சிங்கி இறால் சதையைத் திணித்தால் அதுதான் அமெரிக்காக்காரர்களின் 'லாப்ஸ்டர் ரோல்'!

சூடான வெண்ணெயில் புரட்டிக் கொடுக்கும் பாணி, 1920-களில் கனெக்டிகட் மாநிலம் மில்போர்டு ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பிறந்ததாகச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே செய்யலாம். ஆனால், சமையலைவிட சாமர்த்தியம் வேண்டியது சரக்கு வாங்குவதில்தான்!

கொடுக்கு கிடையாது

அமெரிக்க இறாலுக்குப் பெரிய கொடுக்கு உண்டு. அதிலும் சதை இருக்கும். நம்ம கடல் சிங்கி இறாலுக்கு அது கிடையாது. சதையெல்லாம் வாலில்தான். ஒரு கிலோ வாங்கினால் சதை கால் கிலோவை ஒட்டித்தான் தேறும். காசு கொடுக்கும் முன் இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

திருச்சிக்கும் கடலுக்கும் தூரம் அதிகம். எனவே உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டோ, வேறு கடையோ, "என்னப்பா, எப்ப வந்த சரக்கு?" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். தூக்கினால் வால் உள்பக்கம் மடங்க வேண்டும். வால் தொளதொளவென்று தொங்கினாலோ, நாற்றம் அடித்தாலோ, "வேணாம்பா" என்று வந்துவிடுவதே நல்லது. கெட்ட சதை மாவு மாதிரி குழையும், வயிற்றையும் கெடுக்கும்.

சின்னது வேண்டாம்

நல்ல சைஸ் சரக்கு பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது. குஞ்சுகளையும் வாரிக்கொண்டு போவதைத் தடுக்க 2003-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. தென்கரையில் அதிகம் கிடைக்கும் ரகம் 200 கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது. பெரிய ரகம் ஒன்றுக்கு 500 கிராம்.

அந்த உத்தரவு ஏற்றுமதிக்குத்தான். கப்பல் ஏறாத பொடிசுகள் உள்ளூர்க் கூடைக்கு வந்துவிட்டால்? அங்கே காவல் நிற்க வேண்டியவர் பை தூக்கி வரும் நாம்தான்!

வாலுக்கு அடியில் கொத்தாக முட்டை இருந்தால் தொடவே வேண்டாம். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது. பொரிந்த குஞ்சு பல மாதம் கடலில் மிதந்து, தப்பிப் பிழைத்தால்தான் இறாலாகும். இன்றைக்கு ஒரு பன்னுக்கு ஆசைப்பட்டால் நாளைக்குக் கடலில் மிஞ்சாது.

செய்முறை

நாலு பன்னுக்குச் சதை கால் கிலோ, வெண்ணெய் 75 கிராம், எலுமிச்சை அரை மூடி, மிளகுத்தூள், மல்லித்தழை.

உப்பு போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இறாலைப் போடவும். 300 கிராம் இறாலுக்கு 7, 8 நிமிஷம் போதும். ஓடு சிவந்து, சதை வெள்ளையானதும் எடுத்துவிட வேண்டும். மேலே வெந்தால் ரப்பர்தான்!

ஆறியதும் ஓட்டை உடைத்து, முதுகு நரம்பை எடுத்துவிட்டுத் துண்டு போடவும். மெல்லிய தீயில் வெண்ணெயை உருக்கி, சதையை ஒரு நிமிஷம் புரட்டி, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் விடவும். வெண்ணெய் கருகக் கூடாது. பன்னை வெண்ணெய் தடவி தோசைக்கல்லில் வாட்டி, சதையை வைத்து, மல்லி தூவிச் சூட்டோடு பரிமாறவும்.

சிங்கி இறால் விலை கட்டுப்படி ஆகாதவர்கள் சாதா இறாலிலேயே செய்யலாம். அதற்கு வேகும் நேரம் 2, 3 நிமிஷம்தான். ஸ்ரீரங்கத்தில் சைவச் சமையல்கட்டு உள்ள வீடுகளில் மக்காச்சோள முத்தை வேகவைத்து இதே வெண்ணெயில் புரட்டினால் போதும். பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இறால் சாப்பிட்டுத் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஓடு உரிப்பதும் மற்றவர் வேலையாக இருக்கட்டும்!